பட்டினியில் வளர்ந்த டயட்டம் ஓடு எவ்வளவு வேகமாகக் கரையும்? ஆய்வகத்தில் அளப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலின் மேற்பரப்பு நீரில் சிலிசிக் அமிலம், அதாவது நீரில் கரைந்த சிலிக்கா, பெரும்பாலும் லிட்டருக்கு 10 மைக்ரோமோலுக்கும் குறைவு. உலகக் கடல்களில் அது அதிகம் சேர்ந்திருக்கும் வட பசிபிக்கின் ஆழத்தில்கூட 200 மைக்ரோமோல் அளவில்தான் இருக்கிறது. டயட்டம் என்ற ஒருசெல் பாசியின் சிலிக்கா ஓடோ 1000 மைக்ரோமோலைத் தாண்டும்வரை கரையக்கூடியது. அதனால் எந்தக் கடலில் இறந்தாலும் டயட்டத்தின் ஓடு கரையத்தான் செய்யும். எவ்வளவு வேகமாக என்பதுதான் கேள்வி. கடலில் ஆண்டுக்கு 240 லட்சம் கோடி மோல் சிலிக்கா ஓடுகளாக உருவாகிறது என்றும், அதில் பாதி மேலுள்ள 100 மீட்டருக்குள்ளேயே கரைந்துவிடுகிறது என்றும், கடலடியில் நிரந்தரமாகப் புதைவது 3 சதவீதம் அளவுதான் என்றும் பால் ட்ரெகேர் குழுவினர் 1995-இல் கணக்கிட்டார்கள்.

அந்த 3 சதவீதத்தில் சேரப்போகும் ஓடு எது என்பதில், உயிரோடு இருந்தபோது அந்தச் செல்லுக்கு எந்தச் சத்து கிடைக்கவில்லை என்பதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் 'சத்துப் பற்றாக்குறை ஓட்டைத் தடிமனாக்கும், அதனால் மெதுவாகக் கரையும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது தவறு. எந்தச் சத்து குறைகிறது என்பதைப் பொறுத்து விளைவு எதிரெதிர்த் திசையில் போகும். அளக்கும்போது எதை எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே தரவு மூன்று விதமான பதில்களைத் தரும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும்படி சோதனையை எப்படி அமைப்பது என்பதுதான் இங்கே விஷயம். கடலியல், நுண்பாசியியல் படிக்கும் முதுகலை மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில்: எந்தப் பட்டினி ஓட்டை என்ன செய்யும்?

டயட்டம் சிலிக்காவை எப்போதும் ஒரே சீராக எடுத்துக்கொள்வதில்லை. செல் பிரிவதற்கு முந்தைய கட்டத்திலும், பிரிந்து இரண்டு மகள் செல்களும் ஆளுக்கொரு புதிய ஓட்டுப்பாதியைக் கட்டும் கட்டத்திலும்தான் பெரும்பகுதி உள்ளே போகிறது. நைட்ரஜன் அல்லது பாஸ்பரஸ் குறைந்தால் செல் சுழற்சி நீள்கிறது, அந்தக் கட்டத்தில் செல் அதிக நேரம் நிற்கிறது, அதற்குள் சிலிக்கா கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறது. தலாசியோசைரா சூடோனானா என்ற இனத்தைத் தொடர்வளர்ப்பில் (புதிய ஊடகம் இடைவிடாமல் சேரும் வளர்ப்பில்) வைத்துப் பார்த்த பாஸ்கல் கிளாகான் குழுவினர் 2002-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். வேகத்தைக் குறைத்தது நைட்ரஜனோ, பாஸ்பரஸோ, வெளிச்சமோ, எதுவானாலும் வளர்ச்சி மெதுவானபோது செல்லுக்குச் செல் சிலிக்கா கூடியது.

சிலிக்கானே குறைந்தால் கதை தலைகீழ். செல் பிரிவை முழுதாக நிறுத்துவதற்கு முன், இருக்கிற கொஞ்சத்தை வைத்து மெல்லிய ஓடுகளைக் கட்டிப் பார்க்கும். மெல்லிய ஓட்டில் எடைக்கு எதிரான பரப்பு அதிகம், எனவே சீக்கிரம் கரையும்.

இரும்புதான் எல்லோரையும் குழப்புவது. 1998-இல் நேச்சர் இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. கலிபோர்னியா கரையோரத்தில் ஹட்சின்ஸ், புரூலண்ட் இருவரும், தென்பெருங்கடலிலும் பசிபிக்கிலும் தகேதாவும் ஒரே முடிவைச் சொன்னார்கள்: இரும்பு குறைந்த நீரில் டயட்டங்கள் நைட்ரேட்டோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று மடங்கு சிலிக்கானை எடுத்துக்கொள்கின்றன. இதைப் படித்த உடனே 'இரும்பில்லாவிட்டால் தடித்த ஓடு' என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். விகிதம் கூடுவதற்கு மேலே உள்ள எண் கூட வேண்டிய அவசியமில்லை, கீழே உள்ளது குறைந்தாலும் கூடும். நைட்ரேட்டைச் செரிக்கும் நொதிகளுக்கு இரும்பு தேவை. அது இல்லாதபோது செல்லின் நைட்ரஜன் குறைகிறது, செல்லும் சிறுக்கிறது. ஓடு நிஜமாகவே தடித்ததா என்பதை விகிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஓட்டையே அளக்க வேண்டும்.

படி 1: இனமும் பாத்திரமும்

தலாசியோசைரா சூடோனானா அல்லது தலாசியோசைரா வெய்ஸ்ஃப்ளோகி நல்ல தொடக்கம். இரண்டைப் பற்றியும் முந்தைய தரவு நிறைய இருக்கிறது. தமிழகக் கடற்கரையில் இறால் குஞ்சு பொரிப்பகங்கள் குஞ்சுகளுக்குத் தீவனமாக வளர்க்கும் கீட்டோசெராஸும் பயன்படும், ஆனால் அதன் நீண்ட முட்கள் எளிதில் முறிந்து பரப்புக் கணக்கைக் கலைத்துவிடும்.

கண்ணாடிப் பாத்திரத்தை இந்தச் சோதனையின் எந்தக் கட்டத்திலும் தொடாதீர்கள். கண்ணாடியே சிலிக்கா. அதில் கடல்நீரை ஊற்றி ஆட்டோகிளேவ் செய்தால் (உயர் அழுத்த நீராவியில் கிருமி நீக்கினால்) சிலிக்கான் நீருக்குள் இறங்கும், நீங்கள் வைத்த 'சிலிக்கான் பட்டினி' பட்டினியாக இருக்காது. பாலிகார்பனேட் அல்லது பாலிப்ரொப்பிலீன் குடுவைகளை 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசுங்கள்.

படி 2: ஊடகம்

பெரும்பாலான ஆய்வகங்களில் கைக்குக் கிடைப்பது கில்லார்டின் எஃப்/2 ஊடகம், அதாவது பாசி வளர்க்கும் சத்துக் கரைசல். அதன் எண்களைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்: நைட்ரேட் 882 மைக்ரோமோல், பாஸ்பேட் 36, சிலிக்கான் தரும் சிலிக்கேட் 106. நன்றாக வளரும் டயட்டத்தில் சிலிக்கானும் நைட்ரஜனும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். 1985-இல் பிரெஜின்ஸ்கி பல இனங்களை அளந்து கண்ட சராசரி 1.12. அப்படியானால் எஃப்/2-இல் 106 மைக்ரோமோல் சிலிக்கேட் தீரும்போது நைட்ரேட்டில் பெரும்பகுதி அப்படியே மிச்சம் இருக்கும். 'எல்லாச் சத்தும் நிறைந்த கட்டுப்பாட்டு வளர்ப்பு' என்று நாம் எழுதி ஒட்டும் குடுவை, சில நாட்கள் விட்டால், சிலிக்கான் பட்டினிக் குடுவையாகிவிடுகிறது. அதோடு நைட்ரஜன் பட்டினியை ஒப்பிட்டால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்றே தெரியாமல் போகும்.

எனவே அளவுகளை மாற்றிக்கொள்ளுங்கள். நைட்ரஜன் பட்டினிக்கு நைட்ரேட் 50, சிலிக்கேட் 200. சிலிக்கான் பட்டினிக்குச் சிலிக்கேட் 30, நைட்ரேட் 300. கட்டுப்பாட்டுக்கு இரண்டும் 200. பாஸ்பேட், நுண்தனிமங்கள், வைட்டமின்கள் எல்லாவற்றிலும் எஃப்/2 அளவே. சிலிக்கேட்டை ஆட்டோகிளேவ் செய்யும் முன் சேர்க்காதீர்கள், சூட்டில் வெண்மையாக வீழ்படிந்துவிடும். நீர் ஆறிய பிறகு, வடிகட்டிக் கிருமி நீக்கிய கரைசலாகச் சேருங்கள்.

இரும்புப் பட்டினியை வழக்கமான ஆய்வக மேசையில் முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தூசியிலும் உலோகத் தாங்கியிலும் குழாய் நீரிலும் இரும்பு இருக்கிறது. நுண்உலோகத் தூய்மை கொண்ட அறையும், இரும்பைப் பிடித்துவைக்கும் டெஸ்ஃபெரியாக்சமின் போன்ற சேர்மமும், கரைந்த இரும்பை அளக்கும் வசதியும் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

படி 3: பட்டினியிலேயே ஓடு கட்ட வையுங்கள்

இந்தச் சோதனையின் உயிர்நாடி இந்தப் படிதான். சத்து தீர்ந்ததும் செல் பிரிவது நின்றுவிடுகிறது. பிரிவு நின்றால் புதிய ஓடும் கிடையாது. ஒரு குடுவையில் விதைத்து, நைட்ரேட் தீரும்வரை விட்டு, மேலும் ஒரு வாரம் 'பட்டினி போட்டு' அறுவடை செய்தால், கையில் கிடைக்கும் ஓடுகளில் பெரும்பாலானவை வயிறு நிறைந்திருந்த காலத்தில் கட்டப்பட்டவை. செல்லின் உள்ளே பட்டினியின் தடயம் இருக்கும், ஓட்டில் இருக்காது.

இதற்கு வழி அரைத் தொடர்வளர்ப்பு. தினமும் ஒரே நேரத்தில் வளர்ப்பின் 30 சதவீதத்தை எடுத்துவிட்டு அதே அளவு புதிய ஊடகத்தை ஊற்றுங்கள். எண்ணிக்கை நாளுக்கு நாள் நிலையாகிவிட்டால் வளர்ச்சி வேகம் நாளொன்றுக்கு 0.36, அதாவது ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒரு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் பழைய ஓட்டுப்பாதிகளின் பங்கு பாதியாகக் குறையும். 8 பிரிவுகள் முடிந்தால் பழையவை 256-இல் 1 பங்குதான். ஆகவே நிலைநின்ற பிறகு 16 நாட்கள் பொறுங்கள்.

கட்டுப்பாட்டு வளர்ப்பில் சத்து தீரவே கூடாது. அதனால் அங்கே நிலையான சதவீதத்தை எடுக்காமல், தினமும் செல்களை எண்ணி, குறைவான ஒரே எண்ணிக்கைக்கு நீர்த்துக்கொண்டே இருங்கள்.

அப்புறம், பலரும் விட்டுவிடும் இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறது. நைட்ரஜன் குறைந்த செல் மெதுவாகவும் வளர்கிறது. ஓட்டில் தெரியும் மாற்றம் நைட்ரஜன் இல்லாததாலா, மெதுவாக வளர்ந்ததாலா? எல்லாச் சத்தும் கொடுத்து, வெளிச்சத்தை மட்டும் குறைத்து, அதே 0.36 வேகத்துக்குக் கொண்டுவந்த ஒரு குடுவையையும் வைத்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். நான்காவது குடுவைக்கான உழைப்பு வீணாகாது.

படி 4: அறுவடை

எண்ணிக்கை எடுங்கள், செல்களின் நீள அகலத்தை நுண்நோக்கியில் குறியுங்கள், ஒரு பகுதியை 0.4 மைக்ரோமீட்டர் பாலிகார்பனேட் வடிதாளில் வடித்து மொத்தச் சிலிக்காவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வடிதாளின் நிறமே ஒரு செய்தி சொல்லும்: நன்றாக வளர்ந்த வளர்ப்பு காப்பிப்பொடி நிறத்தில் அடர்ந்து படியும், நைட்ரஜன் இல்லாமல் வளர்ந்தது அதே செல் எண்ணிக்கைக்கும் வெளிறிய மஞ்சளாக நிற்கும், ஏனென்றால் நிறமிகளும் அவற்றைத் தாங்கும் புரதங்களும் முதலில் குறைபவை. மிச்சத்தை மெதுவான வேகத்தில் சென்ட்ரிஃப்யூஜ் செய்து, சிலிக்கான் இல்லாத செயற்கைக் கடல்நீரில் இருமுறை கழுவுங்கள். நன்னீரில் கழுவினால் செல்கள் வெடித்துவிடும்.

இங்கே மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஓட்டைச் சுற்றிச் சர்க்கரைகளும் புரதங்களும் சேர்ந்த ஒரு கரிமப் படலம் இருக்கிறது. ஜாய்ஸ் லூவின் 1961-லேயே காட்டியதுபோல, உயிருள்ள செல்லின் ஓடு கரைவதில்லை, அமிலத்தில் சுத்தம் செய்த ஓடு வேகமாகக் கரைகிறது. பட்டினி இந்தப் படலத்தையும் மாற்றுகிறது: நைட்ரஜன் இல்லாமல் வெளிச்சம் மட்டும் கிடைக்கும் செல், கார்பனை என்ன செய்வதென்று தெரியாமல் ஒட்டும் சர்க்கரைகளாக வெளியே தள்ளும். எனவே ஒரு பாதியை உறையவைத்துக் கொன்று படலத்தோடு அப்படியே விடுங்கள். மறுபாதியை ஹைட்ரஜன் பெராக்சைடில் இளஞ்சூட்டில் சுத்தம் செய்யுங்கள். கடும் அமிலத்தைத் தவிர்ப்பது நல்லது, ஓட்டில் கலந்திருக்கும் அலுமினியம் போன்ற உலோகங்களை அது பிடுங்கிவிடும், அலுமினியம்தான் கரைவைத் தடுக்கும் முக்கியப் பொருட்களில் ஒன்று. இரண்டு பாதிகளையும் நுண்நோக்கியில் பாருங்கள். உடைந்த ஓடுகள் அதிகம் தெரிந்தால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள்.

படி 5: கரைய விடுதல்

ஒரு லிட்டர் பாலிப்ரொப்பிலீன் குப்பியில் சிலிக்கான் இல்லாத செயற்கைக் கடல்நீர், பிஎச் 8.1, இருட்டு, 20 டிகிரி, மெதுவான சுழற்சி. ஓட்டுச் சிலிக்கா மொத்தம் 80 மைக்ரோமோலைத் தாண்டாமல் போடுங்கள். எல்லாமே கரைந்தாலும் நீர் செறிவு எல்லையின் (மேலே சொன்ன 1000 மைக்ரோமோலின்) பத்தில் ஒரு பங்கைத் தொடாது, அதனால் கணக்கில் அந்தத் திருத்தம் தேவைப்படாது. ஒவ்வொரு வகைக்கும் மூன்று குப்பிகள்.

படலத்தோடு உள்ள மாதிரிக்கு இன்னும் இரண்டு வகைகள் தேவை: வடிகட்டாத கடல்நீரிலிருந்து பாக்டீரியா சேர்த்தது ஒன்று, நுண்ணுயிர்க்கொல்லி சேர்த்தது இன்னொன்று. பாக்டீரியாவின் புரதச் சிதைப்பு நொதிகள் படலத்தை உரித்து ஓட்டை நீருக்குத் திறந்துவிடுகின்றன என்று கே பிடில், ஃபாரூக் அசாம் இருவரும் 1999-இல் காட்டினார்கள். பட்டினியில் வளர்ந்த செல்லின் படலத்தில் புரதம் குறைவாகவும் சர்க்கரை அதிகமாகவும் இருந்தால் அந்த நொதிகளுக்கு வேலை எப்படி இருக்கும் என்பது இந்த இரண்டு குப்பிகளின் வித்தியாசத்தில் தெரியும். இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு இதுதான்.

0, 1, 2, 4, 7, 10, 14, 21, 28-ஆம் நாட்களில் மாதிரி எடுங்கள்.

படி 6: நீல நிறத்தை அளத்தல்

கரைந்த சிலிசிக் அமிலத்தை நிறமாக மாற்றித்தான் அளக்கிறோம். வடித்த நீரில் அமில மாலிப்டேட்டைச் சேர்த்தால் முதலில் வெளிர் மஞ்சள் வரும். பத்து நிமிடம் கழித்து ஆக்சாலிக் அமிலமும் ஒடுக்கும் கரைசலும் சேருங்கள். ஆக்சாலிக் அமிலம் பாஸ்பேட்டின் குறுக்கீட்டை அழித்துவிடும். மஞ்சள் மங்கி, பச்சை சாயலில் தொடங்கி, நேரம் போகப் போகத் தெளிந்த நீலமாகும். மெட்டால் என்ற ஒடுக்கியைப் பயன்படுத்தினால் இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்து, 810 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள். உப்பு இந்த நிறத்தைச் சற்றுக் குறைக்கும் என்பதால் ஒப்பீட்டுக் கரைசல்களையும் அதே செயற்கைக் கடல்நீரில்தான் தயாரிக்க வேண்டும். மாதிரிகளை ஃப்ரிட்ஜில் வையுங்கள், உறையவைத்தால் சிலிசிக் அமிலம் ஒன்றோடொன்று இணைந்து மாலிப்டேட்டுக்குப் பிடிபடாமல் போகலாம்.

வடிதாளில் மிஞ்சிய ஓட்டை 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 95 டிகிரியில் 40 நிமிடம் கரைத்து, அமிலத்தால் நடுநிலையாக்கி, அதே முறையில் அளக்கலாம். கரைந்ததும் மிஞ்சியதும் சேர்ந்து ஒவ்வொரு நாளும் ஒரே கூட்டுத்தொகை வர வேண்டும். வராவிட்டால் குப்பிச் சுவரில் ஓடு ஒட்டியிருக்கிறது, அல்லது வடிதாள் கசிகிறது. கூட்டுத்தொகை சரியாகாமல் மேலே போகாதீர்கள்.

படி 7: கணக்கு

மிஞ்சிய பங்கின் இயல் மடக்கையை நாட்களுக்கு எதிராக வரையுங்கள். சாய்வுதான் கரைவு மாறிலி. உதாரணத்துக்கு, 10 நாளில் 60 சதவீதம் மிஞ்சினால் மாறிலி நாளொன்றுக்கு 0.051, பாதியாகக் குறைய 13.6 நாள். படலத்தோடு உள்ள மாதிரியில் கோடு நேராக வராமல், சில நாள் கிடையாகக் கிடந்து பிறகு சரியலாம். அப்போது இரண்டு துண்டுகளாகப் பிரித்து, தாமத நாட்களைத் தனியாகவும் சாய்வைத் தனியாகவும் எழுதுங்கள். இரண்டையும் ஒரே சராசரிக்குள் திணித்தால் படலத்தின் கதையும் ஓட்டின் கதையும் கலந்துவிடும்.

இனி, எதால் வகுப்பது? வெளி அளவு ஒன்றாகவே உள்ள இரண்டு ஓடுகளை எடுத்துக்கொள்வோம், ஒன்றின் சுவர் மற்றதைப்போல் இரு மடங்கு தடிமன். நீரைத் தொடும் பரப்பு இரண்டுக்கும் கிட்டத்தட்ட சமம். எனவே செல்லுக்கு இவ்வளவு என்று பார்த்தால் இரண்டும் ஒரே வேகத்தில் கரைகின்றன. கிராமுக்கு இவ்வளவு என்று பார்த்தால் தடித்தது பாதி வேகத்தில் கரைகிறது. பரப்புக்கு இவ்வளவு என்று பார்த்தால் வித்தியாசமே இல்லை. மூன்றும் உண்மை. பட்டினி ஓட்டின் வடிவத்தை மட்டும் மாற்றியதா, சிலிக்காவின் தன்மையையே மாற்றியதா என்பதைப் பரப்புக் கணக்குதான் சொல்லும். சுத்தம் செய்த ஓடுகளின் பரப்பை நைட்ரஜன் வாயு ஒட்டுதல் முறையில் அளக்கலாம். அந்தக் கருவி இல்லாவிட்டால் மின்னணு நுண்நோக்கியில் சுவர்த் தடிமனையாவது எடுத்துவிடுங்கள். இந்த மூன்றில் எதைக் கொடுக்கிறோம் என்று சொல்லாமல் எழுதப்பட்ட முடிவை என்னால் நம்ப முடிவதில்லை.

படி 8: கடலுக்குக் கொண்டுபோதல்

கரைவு மாறிலி 0.05 உள்ள மெல்லிய ஓடும் 0.025 உள்ள தடித்த ஓடும் நாளுக்கு 50 மீட்டர் வேகத்தில் மூழ்குவதாக வைப்போம். 1000 மீட்டரில் முதலாவதில் 37 சதவீதமும் இரண்டாவதில் 61 சதவீதமும் மிஞ்சும். பெரிய வித்தியாசமாகத் தெரியாது. 4000 மீட்டரில் 1.8 சதவீதத்துக்கு எதிராக 13.5. கரைவு மாறிலியில் இரு மடங்காக இருந்த வித்தியாசம் அடியில் ஏழு மடங்காகிவிடுகிறது. ஓட்டின் தடிமனைப் பற்றி இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

தென்பெருங்கடலில் இதை நேரில் பார்க்கலாம். இரும்பு எப்போதும் போதாத அந்த நீரில் ஃப்ராஜிலாரியாப்சிஸ் கெர்குலென்சிஸ் என்ற தடித்த ஓட்டு இனம் செழிக்கிறது, அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலடியின் சிலிக்காப் படிவில் அதன் வெற்று ஓடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2004-இல் போலார்ஷ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பலில் இருந்து கடலில் இரும்பு கலந்து நடத்திய ஐஃபெக்ஸ் சோதனையின் தரவை வைத்து ஃபிலிப் அஸ்மி குழுவினர் 2013-இல் எழுதியதன் சாரம், தடித்த ஓட்டு இனங்கள் சிலிக்காவைக் கீழே அனுப்புகின்றன, மெல்லிய ஓட்டு இனங்கள் கார்பனை அனுப்புகின்றன என்பது. இங்கே கவனம் வேண்டும்: ஒரே இனம் பட்டினியில் ஓட்டைத் தடிமனாக்குவது வேறு, பட்டினி தடித்த ஓட்டு இனங்களைத் தேர்ந்தெடுப்பது வேறு. உங்கள் குடுவை முதலாவதை மட்டுமே அளக்கிறது. 2009-இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து அதே கப்பலில் நடத்திய லோஹாஃபெக்ஸ் இரும்புச் சோதனை இன்னொரு பக்கத்தைக் காட்டியது. இரும்பு போட்டும் டயட்டங்கள் பெருகவில்லை, அங்கே சிலிக்கேட் தீர்ந்திருந்தது. கடலில் ஒரு பட்டினி தீரும் இடத்தில் அடுத்தது காத்திருக்கும்.

ஆய்வக எண்ணை அப்படியே கடலில் பொருத்தாதீர்கள். திரளாக ஒட்டிய செல்கள் தனிச் செல்களைவிட மெதுவாகக் கரைகின்றன, திரளுக்குள் சிலிசிக் அமிலம் தேங்குவதும் செல்கள் நீண்ட நாள் உயிரோடு இருப்பதும் அதற்குக் காரணங்கள். வெப்பநிலை அதைவிடப் பெரிய விஷயம். 10 டிகிரி குறைந்தால் வேகம் பாதிக்கும் சற்றுக் கீழே போகும். 20 டிகிரியில் எடுத்த மாறிலிகளை 2 டிகிரிக்கு மாற்றினால் இரண்டும் நான்கரையில் ஒரு பங்காகச் சுருங்கி, அதே 50 மீட்டர் வேகத்தில் 4000 மீட்டரில் 41 சதவீதமும் 64 சதவீதமும் மிஞ்சும், ஏழு மடங்கு வித்தியாசம் ஒன்றரை மடங்காகிவிடும். ஆனால் நாளுக்கு 10 மீட்டர் மட்டுமே மூழ்கும் தனி ஓடுகளுக்கு அதே குளிரிலும் 1 சதவீதத்துக்கு எதிராக 11 என்று இடைவெளி மீண்டும் விரியும். ஆகவே கரைவுச் சோதனையைக் குறைந்தது இரண்டு வெப்பநிலைகளில் செய்யுங்கள், நீங்கள் எடுத்துக்கொண்ட மூழ்கும் வேகத்தையும் மாறிலிக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.